மூன்று சிலிண்டர் மேல் ஏன் இந்தப் பழி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம் வழியாகப் போகிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். சித்திரை வெயில். சாலையோரம் ஒரு பழைய மாருதி 800. பானட் திறந்து கிடக்கிறது. ரேடியேட்டரிலிருந்து புஸ்ஸென்று ஆவி. ஓட்டி வந்தவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கிளாஸைக் கீழே வைக்காமலே தீர்ப்பு சொல்கிறார்:

"மூணு சிலிண்டர் வண்டி தம்பி... அது அப்படித்தான். வித்துப்புட்டு நல்ல வண்டியா ஒண்ணு வாங்கிக்க."

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தாயிற்று! ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றியிருந்தது, ஃபேன் சுற்றியதா, கூலன்ட் என்ற ஒன்றை இந்த வண்டி கடைசியாக எப்போது பார்த்தது... எதையும் ஒருவரும் கேட்கவில்லை. குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. மூன்று என்ற எண்!

இந்தத் தீர்ப்பு தவறு. வெறும் டீக்கடைப் பேச்சு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பேச்சுக்கு ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். மீன் பெட்டி ஏற்றுகிற ஆம்னிக்காரர் தேவையே இல்லாமல் இன்ஜினைப் பிரிக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தில் வாங்கிய ஒரே காரை ஒரு குடும்பம் இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறது. இதே பல்லவியைப் பாடி விலையைக் குறைத்து வாங்கும் புரோக்கர், மறுவாரம் அதே வண்டியை இன்னொரு ஊரில் "மைலேஜ் வண்டி சார்" என்று விற்கிறார். உண்மையான காரணமோ யார் கண்ணிலும் படாமல் அப்படியே இருக்கிறது. அடுத்து வாங்கும் வண்டியிலும் அது தன் வேலையைக் காட்டும்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

இந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வண்டி வகை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949இல் ஆரம்பித்த வகை இது. வண்டியின் நீள அகலத்துக்கு வரம்பு, இன்ஜின் கொள்ளளவுக்கு வரம்பு, அதற்குப் பதிலாக வரிச் சலுகை. 1955இல் 360 சிசி என்று இருந்த வரம்பு 1976இல் 550 சிசி ஆனது, 1990இல் 660 சிசி ஆனது. இன்றைக்கும் ஜப்பானில் விற்கும் புதிய வண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெய் வண்டிகள்தான். அவற்றில் பெட்ரோல் வண்டிகளைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று சிலிண்டர்!

ஏன் மூன்று? காசு மிச்சம் பிடிக்க நான்கில் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 660 சிசியை நான்காகப் பிரித்தால் ஒரு சிலிண்டர் 165 சிசி. அத்தனை சின்ன அறையில் எரியும் பெட்ரோலின் சூட்டில் பெரும்பங்கு சுவர் வழியாகவே போய்விடும். பிஸ்டன், ரிங், வால்வ், பேரிங் என உராயும் பாகங்களும் கூடும். இரண்டாகப் பிரித்தால் அதிர்வு அதிகம். சிறிய இன்ஜினுக்கு மூன்றுதான் வாகாக அமைகிறது. மைலேஜ் என்று ஊரே கொண்டாடுகிறதே, அதில் ஒரு பங்கு இந்த மூன்றின் உபயம்தான்.

சுசுகியின் எஃப் வரிசை இன்ஜின்கள் இந்த வழியில் வந்தவை. 550 சிசி வரம்புக்குள் அடங்கச் செய்த எஃப்5ஏ இன்ஜின் 543 சிசி. வரம்பு இல்லாத வெளிநாடுகளுக்காக அதே குடும்பத்தில் பெரிதாகச் செய்தது எஃப்8பி. சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மி.மீ., மூன்றும் சேர்த்து 796 சிசி. மாருதி 800 என்று ஊர் உலகம் அறிந்த வண்டியின் இதயம் இதுதான்.

1981இல் மாருதி உத்யோக் நிறுவனம் தொடங்கியது. 1982இல் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 1986இல் உருவம் மாறியது. 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேல்! 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து பின்னர் ஆம்னி ஆன வண்டியிலும் இதே 796 சிசி இன்ஜின்தான். பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், மீன் வண்டி, மளிகை வண்டி என்று எல்லா வேஷமும் போட்ட அந்த வண்டி 2019இல்தான் ஓய்ந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை. பாகிஸ்தானில் சுசுகி மெஹ்ரான் என்ற பெயரில் 1989 முதல் 2019 வரை இதே இன்ஜின் ஓடியது. கராச்சியும் கடற்கரை ஊர்தான்! கொரியாவின் டேவூ டிக்கோ, மாட்டிஸ் கார்களில் இருந்ததும் இந்த சுசுகி இன்ஜினின் வழிவந்த 796 சிசிதான். பிறவியிலேயே கோளாறான இன்ஜினை இத்தனை நாடுகளில், இத்தனை காலம் விற்றிருக்க முடியுமா? டீக்கடைப் பெரியவர்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றின் உண்மையான குறை

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் மூன்று சிலிண்டருக்கே உரிய குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்று உண்டு. அதிர்வு.

கோட்டைப்பட்டினத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு வள்ளத்தின் அணியத்தில் ஒரு பையன், பின்கோடியில் ஒரு பையன். ஒருவன் எம்பும்போது இன்னொருவன் குந்துகிறான். மொத்தத்தில் வள்ளம் மேலே எழும்பவும் இல்லை, அமுங்கவும் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் ஆடும். மூன்று சிலிண்டர் இன்ஜினும் அப்படித்தான். மூன்று பிஸ்டன்களும் 120 டிகிரி இடைவெளியில் அமைந்திருப்பதால் மேல் கீழ் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. ஆனால் முதல் சிலிண்டர் ஒரு கோடியிலும் மூன்றாவது இன்னொரு கோடியிலும் இருப்பதால் இன்ஜின் நீளவாக்கில் ஆடப் பார்க்கும். நான்கு சிலிண்டரில் இந்த ஆட்டம் இல்லை; அதற்கு வேறு வகை அதிர்வு உண்டு. ஆக, மூன்று என்பது கால் உடைந்த நான்கு கிடையாது. இரண்டுக்கும் தனித்தனிக் குணம்.

இரண்டாவது, நான்கு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரி சுற்றும்போது ஒருமுறை எரியும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒருமுறை. இடைவெளி கூடுதல் என்பதால் ஐடிலிங்கில் ஒரு நடுக்கம் தெரியும்.

மூன்றாவது, ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் நான்கில் கால் பங்கு பலம் போகும். மூன்றில் மூன்றில் ஒரு பங்கு. வண்டி முக்கி முனகுவது நன்றாகவே தெரியும்.

இந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் மவுண்டிங் வைத்திருக்கிறார்கள். அந்த ரப்பர் இறுகிப்போனால், கிழிந்தால், ஸ்டியரிங் நடுங்கும், கியர் லீவர் ஆடும், டாஷ்போர்டு கடகடக்கும். "பாத்தியா, மூணு சிலிண்டர் எப்படி உதறுது" என்பார்கள். உதறுவது ரப்பர் போனதால்! மவுண்டிங்கை மாற்றிப் பார்த்தால் பாதி நடுக்கம் காணாமல் போகும்.

மூன்றின் மேல் சட்டப்படி சுமத்தக்கூடிய குற்றம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பொய் வழக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குற்றச்சாட்டு 1: "ஹீட் ஆகும்"

பழைய மாருதிக்காரர்களின் முதல் புகார் இதுதான். ஹீட் ஆகிறது, ஹெட் கேஸ்கெட் போகிறது, தண்ணீரும் ஆயிலும் கலந்து பால் டீ மாதிரி ஆகிறது, ஹெட் வளைந்து லேத்துக்குப் போகிறது.

ஹீட் ஆவதற்கும் சிலிண்டர் எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. சம்பந்தம் எதற்கு என்றால், ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீருக்கு.

கடலோர ஊர்களில் போர் போட்டால் பல இடங்களில் வருவது உவர்ப்புத் தண்ணீர். குடிக்க முடியாது, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். இந்தத் தண்ணீரை மனுஷனுக்குக் கொடுக்க மாட்டார்கள், மாட்டுக்குக் கூட யோசிப்பார்கள். ஆனால் ரேடியேட்டருக்கு? தாராளமாக! வாளியில் படிகிற அதே வெள்ளைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. குழாய் அடைத்தால் தண்ணீர் ஓடாது, சூடு வெளியே போகாது. தண்ணீரில் இருக்கும் உப்பு இன்னொரு பக்கம் அரிக்கிறது. இந்த இன்ஜினின் ஹெட் அலுமினியம். அலுமினியமும் இரும்பும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூட வேதியியல் படித்த எவருக்கும் தெரியும். ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும்.

வேடிக்கை என்னவென்றால், உப்புத் தண்ணீர் இன்ஜினை என்ன செய்யும் என்று கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கும் மீனவர் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரைக் கழுவுவார். கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதே கைதான் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் போர் தண்ணீரை ஊற்றுகிறது. கடலில் இருக்கிற புத்தி கரைக்கு வந்ததும் எங்கே போகிறது?

கூலன்ட் என்பது கம்பெனிக்காரன் காசு பறிக்கக் கண்டுபிடித்த கலர் தண்ணீர் இல்லை. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. கூடவே இருக்கும் ரசாயனங்கள் துருவையும் அரிப்பையும் தடுக்கின்றன. டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்ற வேண்டும். ஒரு ஹெட் வேலைக்கு ஆகும் செலவில் பல வருஷங்களுக்குக் கூலன்ட் வாங்கலாம். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் இரண்டு விலையையும் கேட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து தெர்மோஸ்டாட். "அது நம்ம ஊர் வெயிலுக்கு வேணாம் அண்ணே, கழட்டிப் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் மெக்கானிக்குகள் ஏராளம். இது அரைகுறை அறிவின் உச்சம். தெர்மோஸ்டாட் குறைந்தபட்ச சூட்டைக் காக்கும் கதவு. சுமார் 80 டிகிரி வரும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாது, வந்தபின் திறந்துவிடும். அதிகபட்ச சூட்டைக் கட்டுப்படுத்துவது ரேடியேட்டரும் ஃபேனும். கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டால் மாற்ற வேண்டும், பிடுங்கி எறியக்கூடாது. பிடுங்கினால் காலையில் இன்ஜின் சூடேற நேரமாகும். கார்புரேட்டர் வண்டி பெட்ரோலைக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தே இருக்கும். சாலையில் ஏறினால் மறுபடியும் ஆவி!

மூன்றாவது, ஃபேன். மாருதி 800இல் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. சூடு அறிந்து அதை ஓடவைக்க ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. உப்புக் காற்றில் அதன் கனெக்டர் பச்சை பிடித்துவிடும். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்காற்றிலேயே சமாளிக்கும். மீமிசல் கடைத்தெருவில் நெரிசலில் நின்றால் கொதிக்கும். "டவுன்ல ஹீட் ஆகுது, ரோட்டுல ஆகல" என்று ஒருவர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேனை. ஹெட்டை இல்லை!

குற்றச்சாட்டு 2: "திடீர்னு நின்னுடும்"

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நிற்கும். செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றும், பிடிக்காது. பெரும்பாலும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கும். கிராங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் நடுவே ஓடும் பல் வைத்த ரப்பர் பெல்ட் அது. பொதுவாக இத்தகைய பெல்ட்டுகளை 80,000 கி.மீ. முதல் 1 லட்சம் கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், வெடிப்பு விடும். செகண்ட் ஹேண்ட், தேர்டு ஹேண்ட் என்று கைமாறிய வண்டியில் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? மீட்டரையே திருப்பி வைக்கிற காலம் இது!

இருபது வருஷமாக ஒரு ரப்பர் பெல்ட்டை மாற்றாமல் ஓட்டிவிட்டு, அறுந்த அன்றைக்கு "மூணு சிலிண்டர்" என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்? நான்கு சிலிண்டரிலும் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கத்தான் செய்யும்.

குற்றச்சாட்டு 3: "ஆயில் திங்கும், புகை விடும்"

இங்கேதான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். நீலப் புகை என்றதும் "ரிங் போச்சு, இன்ஜின் பிரிக்கணும், போர் பண்ணணும்" என்று பெரிய பட்டியல் போடுவார்கள்.

புகை வருவதில் இரண்டு வகை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் குப்பென்று நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால், பெரும்பாலும் குற்றவாளி வால்வ் ஆயில் சீல். விரல் நுனி அளவு ரப்பர். வயதாகி, சூட்டில் இறுகி, ராத்திரி முழுக்க ஆயிலைச் சொட்டுச் சொட்டாகக் கீழே விட்டிருக்கும். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் புகை வந்து, பிக்கப்பும் குறைந்திருந்தால், அப்போதுதான் ரிங், சிலிண்டர் பற்றிப் பேச வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளந்தால் சிறிது நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். அளக்காமல் பிரிக்கச் சொல்கிறவரிடம் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: "அண்ணே, கம்ப்ரஷன் எவ்வளவு இருக்கு?" பதில் வராவிட்டால் வண்டியை வேறு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது உத்தமம்.

குற்றச்சாட்டு 4: "மிஸ்ஸிங் அடிக்கும்"

கார்புரேட்டர் காலத்து மாருதியில் டிஸ்ட்ரிபியூட்டர், அதன் மூடி, அதிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் மூன்று ஒயர்கள். கடற்கரை ஈரத்தில் மூடிக்குள் ஈரம் கோத்தால் மின்பொறி பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் வண்டியின் கதை பெரும்பாலும் இதுதான். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் போதும்.

இன்னொன்று எர்த் ஒயர். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயரின் முனை உப்புக் காற்றில் அரித்துப்போகும். லைட் மங்கும், செல்ஃப் இழுக்காது, எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டருக்கே பைத்தியம் பிடிக்கும். புது பேட்டரி வாங்குவார்கள், சென்சார் மாற்றுவார்கள், கடைசியில் இன்ஜினைத் திட்டுவார்கள். உப்புத்தாள் வைத்து அந்த முனையைத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்க மட்டும் மாட்டார்கள்!

எதிர்த்தரப்பு வாதம்

"அப்படியானால் நாலு சிலிண்டர் வண்டிகள் இதே தண்ணீரில், இதே மெக்கானிக்கிடம், இவ்வளவு தொல்லை கொடுக்கவில்லையே?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கார்புரேட்டர் மாருதி 800இன் பலம் சுமார் 37 குதிரைத்திறன். வண்டி எடை 650 கிலோ அளவு. நான்கு பேருக்குச் செய்த அளவு அது. அந்த இன்ஜினை ஆம்னியில் வைத்து, கல்யாணத்துக்கு ஒரு டஜன் பேரையும் சீர் தட்டையும் ஏற்றி, ஏசியும் போட்டுக்கொண்டு அறந்தாங்கி வரை மிதித்தால் அது எங்கே போய் மூச்சு வாங்கும்? பெரிய இன்ஜினில் கைவசம் கொஞ்சம் மிச்ச பலம் இருக்கும், தண்ணீரும் கூடுதலாக இருக்கும், செய்கிற தப்பு தெரிய நாளாகும். சின்ன இன்ஜினில் உடனே தெரிந்துவிடும். தப்பை மறைக்காத இன்ஜின் என்பதற்காக அதைக் குற்றவாளி ஆக்கலாமா? அதுவும் கொள்ளளவு சின்னது என்பதால் வந்த வினை. 800 சிசியில் நான்கு சிலிண்டர் வைத்திருந்தாலும் இதே கதிதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழைய மாருதி 800ஐ விட்டுவிட நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. தகடு மெல்லியது, உப்புக் காற்றில் கீழ்ப்பக்கம் அரித்திருந்தால் மோதலில் தாங்காது. கார்புரேட்டர் புகை இன்றைய விதிகளின் பக்கத்தில்கூட வராது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகிற குடும்பம் இந்தக் காரணங்களுக்காக வண்டி மாற்றினால் அது சரியான முடிவு. ஆனால் மூன்று சிலிண்டர் என்ற காரணத்துக்காக மாற்றினால்... அங்கேதான் உச்சகட்ட காமெடி காத்திருக்கிறது.

போய் வாங்குகிற புது வண்டியில் எத்தனை சிலிண்டர்?

ஆல்டோ கே10: மூன்று. செலேரியோ: மூன்று. ஒரு லிட்டர் வேகன் ஆர்: மூன்று. க்விட்: மூன்று. டியாகோ பெட்ரோல்: மூன்று. "நாலு சிலிண்டர் சார், ஸ்மூத்தா போகும்" என்று பல வருஷம் விற்ற ஸ்விஃப்ட்கூட 2024 மே மாதம் வந்த புது மாடலில் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டருக்கு மாறிவிட்டது. வெளிநாட்டிலோ, ஃபோர்டின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருஷம் உலகின் சிறந்த இன்ஜின் விருதை வாங்கியது. பிஎம்டபிள்யூ ஐ8 என்ற பல கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் இன்ஜினும் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர்தான்.

ஆக, மூன்றைத் திட்டி விற்றவர் ஐந்தாறு லட்சம் கடன் வாங்கி இன்னொரு மூன்றைத்தான் வீட்டுக்கு ஓட்டி வருகிறார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, இனிப்பும் கொடுத்துவிட்டு... இலவச சர்வீஸ் முடிந்த பிறகு அதே போர் தண்ணீரை அதிலும் ஊற்றுவார்! புது இன்ஜின்களில் பிளாக்கே அலுமினியம். உப்புத் தண்ணீருக்கு இன்னும் பெரிய விருந்து.

அடுத்த பழி தயாராகிறது

இவ்வளவு அவசரமாக இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. பழைய மாருதிக்காரர் மேல் இப்போது இன்னும் இரண்டு சுமை ஏறியிருக்கிறது.

முதல் சுமை, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முதலில் 2030 என்று வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இல் நாடு முழுக்க இதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அது ஈரத்தையும் இழுக்கும், பழைய வகை ரப்பரையும் கெடுக்கும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டி கலவையை ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஜெட் துளை அளவு மாறாது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொன்னது. நல்லது. அந்தச் செலவு யாருடையது? வண்டிக்காரருடையது. எந்தப் பெட்ரோல் வேண்டும் என்று கேட்டு வாங்கும் உரிமை? சாதாரண பங்கில் அது இல்லை.

இரண்டாவது சுமை, கட்டணம். 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் கடந்த கார்களுக்கு அதை 10,000 ரூபாய் ஆக்கி 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. கார்புரேட்டர் மாருதிகள் எல்லாமே 20 வருஷத்தைத் தாண்டியவை. கடைசியாகச் செய்த மாருதி 800க்கே 2029இல் 15 வயசு முடிகிறது.

சுற்றுச்சூழலுக்காக, கரும்பு விவசாயிக்காக என்று அரசு காரணம் சொல்லலாம். அந்த விவாதம் தனி. ஆனால் நாளைக்கு ஒரு பழைய 800இன் பெட்ரோல் ஹோஸ் உளுத்துப்போய்க் கசிந்தால், கார்புரேட்டர் கேஸ்கெட் ஊறிப்போய் வண்டி நின்றால், டீக்கடையில் என்ன சொல்வார்கள்? எத்தனால் என்றா சொல்வார்கள்? "மூணு சிலிண்டர் தம்பி..." அவ்வளவுதான்! யாரும் தப்புக்குப் பொறுப்பேற்க வேண்டாம். தண்ணீர் ஊற்றியவர், பெல்ட் மாற்றாதவர், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கியவர், பெட்ரோல் கொள்கை வகுத்தவர்... எல்லாருக்கும் சேர்த்து ஒரே எண் தலையைக் கொடுக்கிறது.

என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ரேடியேட்டரை நன்றாகச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் குடிதண்ணீர் மட்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. பிடுங்கிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் எர்த் முனைகளைத் தேய்க்க வேண்டும். பெட்ரோல் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போட வேண்டும். யாராவது இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு 800 சாலையோரம் ஆவி விட்டுக்கொண்டு நின்றால், அப்போது தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன்னால், டீக்கடைப் பெரியவர் கிளாஸைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, சாலையைக் கடந்து வந்து, அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்:

"ரேடியேட்டர்ல என்ன தண்ணி தம்பி ஊத்துன?"